அப்பாவுக்கும் எனக்கும் உடம்பெல்லாம் கொழுப்புக் கட்டி, எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். வயது 34, சிங்கப்பூர் நிரந்தரவாசி, துவாஸ் பக்கம் வேலை, உயரத்தில் ஏறும்போது பாதுகாப்பு வார் மாட்டிக்கொள்ள வேண்டும். முன்கை இரண்டிலும் தொடையிலும் இடுப்பைச் சுற்றியும் இருபதுக்கு மேல் உருண்டைகள். ஊரில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இதே மாதிரி இருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் பார்த்த டாக்டர் லைப்போமாதான், அதாவது வெறும் கொழுப்புக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் தொடையில் வார் அழுத்தும் இடத்தில் ஒன்று உறுத்துகிறது, இடது முன்கையில் ஒன்று தொட்டாலே வலிக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிடலாமா, கத்தி பட்டால் பரவும் என்று அம்மா சொல்வது உண்மையா, வெட்டாமல் ஊசியிலேயே கரைக்க முடியாதா, காவடி எடுக்கத் தைப்பூசத்துக்குள் ஆறிவிடுமா என்று கேட்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. இங்கே அறுவை சிகிச்சை அறையில் தாதியாகப் பல வருடம் வேலை பார்த்தவள். இந்தக் கட்டிகளை எடுக்கும்போது டாக்டருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், எடுத்தபிறகு வந்து புலம்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். என் பதில் இதுதான்: எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். தொந்தரவு தருவதை எடுங்கள், சந்தேகமாக இருப்பதை எடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், அப்பாவைப் பற்றி நீங்கள் கடைசி வரியில் எழுதியது. தொடையில் ஆழமாக ஒன்று இருக்கிறது, அது இந்த ஒரு வருடத்தில் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடைய இருபதை விட அந்த ஒன்றுதான் அவசரம். 5 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பது, தோலுக்கு அடியில் நழுவாமல் தசையோடு ஆழத்தில் இருப்பது, சில மாதங்களில் வேகமாக வளர்வது, ஆழத்தில் இருப்பது புதிதாக வலிப்பது, ஒரு தடவை எடுத்த இடத்திலேயே மறுபடி வருவது, இதில் எது ஒன்று இருந்தாலும் கத்தி வைப்பதற்கு முன்னால் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க வேண்டும். பெரும்பாலும் அதுவும் வெறும் கொழுப்பாகத்தான் இருக்கும், பதற வேண்டாம். ஆனால் கொழுப்புத் திசுவில் வரும் புற்றுநோய் வகை ஒன்று உண்டு, லைப்போசார்க்கோமா, அது தொடையின் ஆழத்தில் வருவது வழக்கம், ஆரம்பத்தில் பார்ப்பதற்கும் தொடுவதற்கும் லைப்போமா மாதிரியே இருக்கும். ஸ்கேனில் கட்டிக்குள் தடித்த தடுப்புகளோ கொழுப்பல்லாத பகுதியோ தெரிந்தால் ஊசியில் கொஞ்சம் சதை எடுத்து, எம்டிஎம்2 என்ற மரபணு அதிகப்படியாகப் பெருகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், இரண்டையும் பிரித்துச் சொல்ல அது நல்ல சோதனை. இது எதுவும் பார்க்காமல் "சாதாரணக் கட்டிதான், அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம்" என்று ஒரு சின்ன கிளினிக்கில் வெட்டிவிட்டு, பிறகு ரிசல்ட் வேறு மாதிரி வந்தால், இரண்டாவது ஆப்பரேஷன் முதலாவதைவிடப் பல மடங்கு கஷ்டம். அதனால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ, அந்த மாதிரிப் பெரிய இடத்தில் காட்டச் சொல்லுங்கள். இன்றைக்கு ராத்திரியே போன் போட்டுப் பேசுங்கள்.

சரி, இப்போது உங்கள் விஷயம்.

ஒரு வீட்டில் அப்பா, அவர் தம்பி, பிள்ளை என்று இப்படிப் பல கட்டிகள் வருவது குடும்பவழி வரும் பல லைப்போமா. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணா பெண்ணா என்ற பேதம் இல்லை. பெரும்பாலும் முப்பதுகளில்தான் தலைகாட்டும். முன்கை, தொடை, வயிறு, முதுகு, இடுப்பு இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள், கழுத்திலும் தோளிலும் குறைவு. தனியாக வருகிற லைப்போமாக்களில் 12-ஆவது குரோமோசோமில் உள்ள எச்எம்ஜிஏ2 என்ற மரபணு இடம் பிறழ்ந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் உங்களைப் போல் குடும்பத்தோடு வருவதை இன்ன மரபணு என்று உறுதியாகச் சொல்ல வழக்கமான ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. குடும்பக் கதையைக் கேட்டு, தொட்டுப் பார்த்து, ஒன்றிரண்டை எடுத்துச் சோதித்துத்தான் முடிவு செய்வார்கள். எனவே முதல் தடவை ஸ்பெஷலிஸ்டிடம் போகும்போது யார் யாருக்கு, எந்த வயதில், எங்கே வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே பெருங்குடல் புற்றுநோய், திரும்பத் திரும்ப சிறுநீரகக் கல், தோலில் பால்காப்பி நிறத்தில் பெரிய தேமல் மாதிரி பல திட்டுகள், இந்த மாதிரி ஏதாவது இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். கட்டிகளோடு சேர்ந்து வரும் வேறு பரம்பரைக் கோளாறுகள் சில உண்டு. தேமலோடு வருவது கொழுப்புக் கட்டியே அல்ல, நரம்பின் உறையிலிருந்து வளர்வது, அதை வெட்டும் விதமும் வேறு.

அம்மா சொல்வதற்கு வருகிறேன். கத்தி பட்டால் பரவும் என்பது நம் வீடுகளில் எல்லாம் சொல்வதுதான், பெரியவர்கள் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறார்கள், அதனால் அம்மாவிடம் சண்டை போட வேண்டாம். அவர்கள் பார்த்தது என்ன? ஒருவருக்கு ஐந்து கட்டி எடுத்தார்கள், மூன்று வருடத்தில் வேறு ஏழு இடத்தில் புதிதாக வந்தது. எடுக்காமல் விட்டிருந்தாலும் அந்த ஏழும் வந்திருக்கும், ஏனென்றால் உண்டாக்கும் தன்மை பிறவியிலேயே உடம்பில் இருக்கிறது. ஆப்பரேஷன் ஒரு கட்டியை நீக்கும், அந்தத் தன்மையை நீக்காது. சுற்றியிருக்கும் மெல்லிய உறையோடு முழுசாக எடுத்த லைப்போமா அதே இடத்தில் திரும்பி வருவது மிக அபூர்வம். உறையில் ஒரு துணுக்கை விட்டுவிட்டால் வரலாம், தசை நாருக்கு நடுவில் வேர்விட்டது போல ஓடியிருப்பது வரலாம். வேறு இடத்துக்குத் தாவுவது என்பது லைப்போமாவிடம் கிடையாது.

இதனால்தான் எல்லாவற்றையும் எடுக்காதீர்கள் என்கிறேன். முழு மயக்கம் கொடுத்து ஒரே மூச்சில் இருபது, முப்பது எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவ ரீதியாக அது முடியும், சிலருக்கு அதுதான் சரியும் கூட, உடம்பு முழுக்க வலிக்கிற கட்டியாக இருந்தால் வேறு என்ன செய்வது. ஆனால் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டுமே செய்துகொண்டவர்கள் இருபது உருண்டைக்குப் பதிலாக இருபது தழும்போடு போகிறார்கள். உருண்டை வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் தெரியும், தழும்பு எப்போதும் தெரியும். அப்புறம் புதிய கட்டி வரும்போது மனம் நொந்துபோகிறார்கள்.

உங்கள் கணக்கில் நான் முதலில் எடுக்கச் சொல்வது முன்கையில் வலிக்கிற அந்தக் கட்டியை. சாதாரண லைப்போமா வலிக்காது. வலிக்கிறது என்றால் ஒன்று அது நரம்பை அழுத்துகிறது, அல்லது ஆஞ்சியோலைப்போமாவாக இருக்கலாம், அதாவது கொழுப்போடு சின்னச் சின்ன ரத்தக் குழாய்களும் கலந்த கட்டி. இளவயது ஆண்களுக்கு முன்கையில் வருவது அதன் வழக்கம், அளவு சின்னதாக இருக்கும், ஒன்றிரண்டு அல்ல பலதாக வரும், சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். இதுவும் கெட்ட கட்டி இல்லை, எடுத்தால் வலி போய்விடும். முன்கையில் முழங்கைக்குப் பக்கத்தில் ஆழமாக இருந்து, விரல்களை நிமிர்த்துவதில் பலம் குறைவது போலத் தோன்றினால் மட்டும் தள்ளிப்போடாமல் போங்கள், அங்கே விரலை நிமிர்த்தும் நரம்பு ஓடுகிறது. அடுத்தது தொடையில் வார் அழுத்தும் கட்டி. மூன்றாவதாக இடுப்பில் காவடியின் சட்டம் உட்காரும் இடத்தில் ஏதாவது இருந்தால் அது. மூன்றே மூன்று. மற்றவற்றைப் படம் எடுத்து, அளவு குறித்து, வருடத்துக்கு ஒரு தடவை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று சொன்னால் பயம் குறையும். தோலுக்கு அடியில் இருக்கும் சின்னக் கட்டிக்கு ஸ்கேன்கூடப் பல நேரம் தேவைப்படாது, கொஞ்சம் சந்தேகம் என்றால் அல்ட்ராசவுண்ட் போதும். காலையில் வந்து மத்தியானம் வீட்டுக்குப் போய்விடலாம். மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டர் உங்களையே கட்டியைத் தொட்டுக் காட்டச் சொல்வார், ஊதாப் பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போடுவார். இந்த வட்டம் மிக முக்கியம், ஏனென்றால் ஊசி போட்டதும் அந்த இடம் உப்பிவிடும், சின்னக் கட்டி அதில் காணாமல் போய்விடும், பிறகு விரலால் தேடிக்கொண்டிருக்க வேண்டும். டாக்டர் வேகத்தில் விட்டுவிட்டால் நீங்களே "டாக்டர், இதையும் குறித்துவிடுங்கள்" என்று கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஊசி லிக்னோகெய்ன், கூடவே பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும், ரத்தக் கசிவு குறையவும் மரப்பு கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கவும். ஏறும்போது எரியும், அரை நிமிடத்தில் அடங்கிவிடும். ஒரே நாளில் எத்தனை எடுக்கலாம் என்று கேட்டீர்களே, அதற்கு வரம்பு போடுவது இந்த மருந்துதான். அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை கொடுக்கலாம், கலக்காதது 3 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வார்கள். 70 கிலோ ஆளுக்கு அதிகபட்சம் 490 மில்லிகிராம். 1 விழுக்காடு கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் இருக்கும், ஆக மொத்தம் 49 மில்லிலிட்டர். ஒரு கட்டிக்கு ஏழெட்டு மில்லிலிட்டர் போனால் ஆறு கட்டியோடு கணக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் ஏற்றினால் வாய் மரத்து, காது இரைந்து, வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு வரை போகலாம். அதனால்தான் நிறைய எடுக்க வேண்டுமென்றால் சில மாத இடைவெளியில் பிரித்துச் செய்வார்கள், இல்லையென்றால் முழு மயக்கம், அதற்குப் பட்டினி, மயக்க மருந்து டாக்டர், கூடுதல் செலவு என்று எல்லாம் சேர்ந்து வரும்.

வெட்டு நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிதல்ல. கட்டியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி. தோலின் இயல்பான கோட்டை ஒட்டி வெட்டி, உறை கண்ணில் பட்டதும் மழுங்கின கத்தரியால் சுற்றிலும் பிரித்து விடுவார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்தினால், நுங்குச் சுளையை ஓட்டிலிருந்து நெம்புகிற மாதிரி, மஞ்சளாகப் பளபளவென்று அந்தச் சின்ன வாய் வழியாக வெளியே வந்து விழும். பெரிதாக இருந்தால் துண்டு துண்டாக எடுப்பார்கள். முதுகிலும் பிடரியிலும் அவ்வளவு சுலபமாக வராது, அங்கே தோல் தடிமன், கட்டியும் நார்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நெற்றியில் இருப்பது தசைக்கு அடியில் இருக்கும், அதற்குத் தனிக் கைப்பக்குவம் வேண்டும். எடுத்ததும் அடியில் இருக்கும் ரத்தக் குழாயைக் கருக்கிவிட்டு, உள்ளே ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு தைத்து, அழுத்தமாகக் கட்டுப் போடுவார்கள். கட்டி இருந்த இடம் வெற்றிடம் அல்லவா, அதில் ரத்தமோ நீரோ தேங்கி மறுபடி வீங்குவதுதான் இந்த ஆப்பரேஷனில் சாதாரணமாக வரும் தொந்தரவு. முன்கையில் தோலுக்கு உணர்ச்சி தரும் மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன, அதனால் ஒரு சின்ன இடம் கொஞ்ச நாள் மரத்தே இருக்கலாம்.

எடுத்த ஒவ்வொரு கட்டியும், கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று பெயர் ஒட்டி, நோய்க்கூறு சோதனைக்குப் போக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பல கட்டி இருப்பவருக்கு வலி எதில் என்று தெரிந்திருந்தால் அந்த ஜாடி எது என்றும் தெரிய வேண்டும்.

ஊசியில் கரைப்பது, லேசர், கொழுப்பை உறிஞ்சுவது இதெல்லாம் விளம்பரத்தில் வருகிறது. உறிஞ்சும்போது தழும்பு சின்னது, பெரிய மென்மையான கட்டிக்குச் சிலருக்கு ஒத்துவரும், ஆனால் உறை உள்ளேயே தங்கிவிடும், திரும்பி வரும் வாய்ப்பு கூடுதல். கரைக்கும் ஊசியில் இருப்பது டியாக்சிகோலிக் அமிலம், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் அதற்கு அனுமதி கொடுத்தது தாடைக்குக் கீழே இருக்கும் கொழுப்புக்கு மட்டும்தான். லைப்போமாவுக்குப் போடுகிறவர்கள் அந்த அனுமதிக்கு வெளியேதான் போடுகிறார்கள். வீங்கும், வலிக்கும், பல தடவை போட வேண்டும், எல்லாம் முடிந்தபிறகும் சோதிக்கக் கையில் ஒரு துணுக்குச் சதைகூட இருக்காது. உங்களைப் போல வலிக்கிற கட்டி இருப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். உணவு விஷயமும் அப்படித்தான். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பி வீட்டில் தினமும் கொள்ளு ரசம் வைப்பார்கள், உடம்புக்கு நல்லதுதான், ஆனால் லைப்போமா கரையாது. எடை குறைந்தால் சுற்றியிருக்கும் கொழுப்புதான் குறையும், கட்டி இன்னும் எடுப்பாகத் தெரியும். கொலஸ்ட்ரால் மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தழும்பைப் பற்றி நம் ஆட்கள் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும், கருமையான தோலில் தழும்பு தடித்து வளர்வது அதிகம், நெஞ்சு, தோள், மேல்முதுகு இவற்றில் இன்னும் அதிகம். நீங்கள் அலகு குத்திக்கொள்பவர் என்றால் நல்ல சோதனை ஒன்று கைவசமே இருக்கிறது: போன வருடம் குத்திய இடங்களைத் தடவிப் பாருங்கள். சமமாக ஆறியிருந்தால் நல்லது. வேர்க்கடலை மாதிரி மேலெழும்பி, அரித்து, துளையைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள், அவசியமில்லாத ஒரு கட்டியைக்கூடத் தொட வேண்டாம் என்பார், எடுத்தாலும் சிலிகான் பட்டை, தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி என்று முன்கூட்டியே திட்டம் போடுவார்.

தைப்பூசக் கணக்கு. கையிலும் தொடையிலும் இடுப்பிலும் போட்ட தையலைப் பத்திலிருந்து பதினான்கு நாளில் பிரிப்பார்கள், பிரித்துவிட்டால் ஆறிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே தோலின் பழைய வலுவில் ஏறத்தாழ 80 விழுக்காடு வருவதற்கு மூன்று மாதம் ஆகும். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை 3 கிலோமீட்டருக்கு மேல் காவடியின் முழுப் பாரமும் இடுப்பில் உராய்ந்துகொண்டே வரும், அந்த இடத்தில் புதுத் தழும்பு இருக்கக் கூடாது. அக்டோபர் முடிவதற்குள் எடுத்துவிட முடிந்தால் எடுங்கள், இல்லையென்றால் இடுப்புக் கட்டியைத் தைப்பூசம் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், அது எங்கேயும் ஓடிவிடாது. கையில் இருப்பதை அதுவரை தள்ள வேண்டாம். விரதம் இருக்கும் நாட்களில் புண் ஆற வேண்டியிருந்தால் ஒரு வேளைச் சாப்பாடாக இருந்தாலும் பருப்பு, பயறு, தயிர் தட்டில் இருக்கட்டும்.

வேலையில், தொடையில் தையல் இருக்கும்போது வார் மாட்டவே கூடாது. சும்மா இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் மேலே ஏறாதீர்கள். எவ்வளவு நாளுக்கு உயரத்து வேலை கூடாது என்று கடிதத்தில் தெளிவாக எழுதித் தரச் சொல்லி, அதைப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுங்கள்.

பணம். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் நிரந்தரவாசிக்கும் மானியம் உண்டு, குடிமக்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு என்றாலும் நீங்களாக நேரே போவதோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம். மருத்துவக் காரணத்துக்காகச் செய்யும் நாள் அறுவைக்கு (அன்றைக்கே வீடு திரும்பும் ஆப்பரேஷன்) மெடிசேவ் என்ற உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கலாம், அழகுக்காக மட்டும் செய்வதற்கு முடியாது. அதனால் வலி, வார் உரசுவது, வேலைக்கு இடைஞ்சல் எல்லாவற்றையும் முதல் சந்திப்பிலேயே உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், டாக்டர் எழுதி வைப்பதுதான் கணக்கில் வரும். உங்களோடு வேலை பார்ப்பவர்களில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் யாருக்காவது இதே பிரச்சினை என்றால், மருத்துவமனையில் தங்குவதற்கும் நாள் அறுவைக்கும் முதலாளி எடுக்க வேண்டிய காப்புறுதி 2023 ஜூலையிலிருந்து வருடத்துக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளி. நிபந்தனை என்ன என்று நாள் குறிப்பதற்கு முன்னால் கம்பெனியில் கேட்கச் சொல்லுங்கள். சோதனை ரிசல்ட் வந்ததும் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவைப் பார்க்கும் டாக்டருக்கும் அதைப் போனில் அனுப்பலாம், அவருக்கும் அது உதவும்.